பூண்டியில் நான் யாருடைய வக்கீல்?

கோடைக்கானலுக்குச் செலவில்லாமல் வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் மனுசருக்குச் சந்தோஷம் வரும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. அதுவும் மே மாதத்தில், மதுரையே கொதித்துக் கிடக்கிற நேரத்தில், ஏரி தெரிகிற மாதிரி அறை, வீட்டு வாசலுக்கே கார், "எல்லாம் உங்க வசதிப்படி மேடம்" என்று தேன் தடவிய குரல். ஒரு ஆள் இவ்வளவு குழைந்தால் உள்ளே ஏதோ சங்கதி இருக்கிறது என்றுதான் என் புத்தி போகும்.

நான் மதுரையில் வரி வழக்குகள் பார்க்கிற வக்கீல். பஸ்ஸில் ஒருத்தன் எழுந்து இடம் கொடுத்தால்கூட சீட்டில் என்ன கொட்டிக் கிடக்கிறது என்று குனிந்து பார்ப்பவள் நீ என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். ஒரு தடவை அப்படிக் குனிந்து பார்த்ததில் சாம்பார் இருந்தது.

கூப்பிட்டது ஒரு கம்பெனி. பேரை எழுதப் போவதில்லை. மலைப்பூண்டை வாங்கிப் பொட்டலம் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். ஏப்ரலில் புது வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பிரிவு எண்களெல்லாம் இடம் மாறி, கண்ணை மூடிக்கொண்டு சொன்ன விஷயத்துக்குக்கூட நாங்கள் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் குழப்பத்தில் புகுந்து மீன் பிடிக்கலாமா என்று சிலர் வலையோடு வருவார்கள். கம்பெனியின் கேள்வியும் அந்த வகைதான். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. பூண்டு விற்று வருகிற லாபத்தை கம்பெனியின் விவசாய வருமானம் என்று காட்டலாமா? ஊரைப் பாருங்கள், விவசாயிகள் கூட்டம் ஒன்று நடக்கிறது, அதில் உட்காருங்கள், பிறகு உங்கள் கருத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்சிக்காரர் வீட்டில் காபி குடிப்பேன், சோறு சாப்பிட மாட்டேன். சோறு இறங்கிவிட்டால் அப்புறம் "இது முடியாதுங்க" என்று சொல்ல வாய் வராது. அதனால் புளியோதரை ஒரு டப்பா, முறுக்கு ஒரு டப்பா கட்டிக்கொண்டு கிளம்பினேன். டிரைவர் முருகேசன் அந்த டப்பாக்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ பழனிக்குப் பாதயாத்திரை போகிறவள் என்று நினைத்திருப்பார்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினதும் இ-பாஸ் காட்டும் இடத்தில் ஒரு வரிசை. அதைத் தாண்டினால் வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் இன்னொரு வரிசை. அங்கே கார் நின்றது நின்றதுதான். கிளட்ச் கருகுகிற வாடை வந்தது. முருகேசன் இறங்கி டயருக்குக் கல் வைத்துவிட்டு, ஓரமாகப் போய் யாரிடமோ போனில் மெதுவாகப் பேசினார். என் பக்கம் ஒரு பார்வை, போனில் ஒரு வார்த்தை. என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்குக் காது கொஞ்சம் நீளம், ஆனால் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

பக்கத்துக் காரில் ஒரு மலையாளக் குடும்பம். அந்த அம்மா புருசனிடம் மலையாளத்தில் சொன்னாள்: இதற்கு வீட்டிலேயே ஃபேனைப் போட்டுவிட்டு, சுவரில் ஒரு மலைப் படத்தை மாட்டியிருக்கலாம். அவர் பதில் சொல்லாமல் குரங்குக்கு பிஸ்கட் போட்டார். குரங்கு பிஸ்கட்டை விட்டுவிட்டு முழுப் பாக்கெட்டையும் பிடுங்கிக்கொண்டு போனது. அந்தக் குரங்குக்கு விவரம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரைக்காரிக்குக் கோடைக்கானலே வெளிநாடுதான். காரை விட்டு இறங்கினதும் பல் தந்தியடித்தது. மே மாதத்தில் வாயிலிருந்து புகை வருகிற ஊரை நான் எப்படி நம்புவது? அறையில் பிளம்ஸ், பேரிக்காய், ஊட்டி வர்க்கி, ஒரு கம்பளிச் சால்வை எல்லாம் எனக்காக வைத்திருந்தார்கள். எதையும் தொடவில்லை. சால்வையை மட்டும் ராத்திரி குளிர் தாங்காமல் போர்த்தினேன், காலையில் மடித்து அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஜன்னல் பக்கம் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கீழே கம்பெனி மேனேஜர் ஜெயசீலனின் குரல் கேட்டது. சென்னைக்காரர், வெள்ளைச் சட்டை, எப்போதும் ஒரு மரியாதைச் சிரிப்பு. போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். தமிழில் சொன்னால் இதுதான்: "அவங்க வாயே திறக்க வேணாம். வந்து உட்கார்ந்தா போதும். முகம் தெரிஞ்சா போதும்." ஏதோ கடைத் திறப்புக்கு நடிகையைக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து வாயைக் கொப்பளித்தேன். ஊர்ப்பட்ட விஷயத்தைச் சந்தேகப்படுகிறவள் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பூண்டிக்குக் கூட்டிப் போனார். கோடைக்கானலிலிருந்து மேற்கே மன்னவனூரெல்லாம் தாண்டி, சரிவெல்லாம் படிப்படியாக வெட்டின வயல். கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு. பார்க்க அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயலைப் பார்க்க வந்தவளை வயலில் விடவில்லை. ஊர் முகப்பில் காரை நிறுத்தி, தெரு நெடுக நடக்க வைத்தார். எதிரே வந்தவர்களிடமெல்லாம் "மதுரை ஹைகோர்ட் வக்கீலம்மா, உங்களுக்காகத்தான் வந்திருக்காங்க" என்றார். கூட ஒரு ஆள் போட்டோ எடுத்துக்கொண்டே வந்தான். நானும் மரியாதைக்குக் கும்பிட்டேன். எதற்குக் கும்பிட்டேன் என்று இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது.

ஏழெட்டுப் பேரை நிறுத்தி, விதைப்பூண்டு யார் தருவது, பயிர் யார் வைப்பது என்று கேட்டேன். எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். விதை கம்பெனி குடுக்கும், நெலம் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கோம், நாங்க கூலிதாங்க. ஒரு வார்த்தை முன்னே பின்னே மாறவில்லை. எனக்குப் பொறி தட்டியது. சொல்லிக் கொடுத்த சாட்சி எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியாதா? உண்மையைச் சொல்கிற ஆள் நடுவில் கொஞ்சம் யோசிப்பான், திருத்துவான், சம்பந்தமில்லாமல் மச்சான் கதையை இழுப்பான். இவர்கள் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தார்கள்.

ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டேன். சிவகாமி என்று ஒரு பெண், நாற்பது வயசு இருக்கும், செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே வரலாமா என்றதும் மேனேஜர் குறுக்கே விழுந்து தடுத்தார். "உள்ள ஒரே புகை மேடம், உங்களுக்கு ஒத்துக்காது." அந்தப் பெண்ணும் உடனே, ஆமாங்க ஒரே புகையாக் கெடக்கு என்றாள். புகை வருகிற அளவுக்கு அந்த நேரத்தில் என்ன சமையல் என்று கேட்க நினைத்தேன். கேட்காமல் கார் ஏறிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு மெஸ்ஸில் என் காசில் இட்லி சாப்பிட்டேன். இட்லி கல். மதுரையில் இதைப் போட்டால் கடையை மூட வைத்திருப்பார்கள். ஆனால் கூட வைத்த பூண்டுச் சட்னி நாக்கைச் சுண்டி இழுத்தது. மலைப்பூண்டா என்று கேட்டேன். புகையில் கிடந்த பூண்டும்மா, அந்த வாசம் வேற எதுக்கும் வராது என்றார் கடைக்காரர். பூண்டியில் வீட்டு வீட்டுக்கு அடுப்புக்கு மேலே பரண் கட்டி, தாளோடு முடிந்து தொங்கவிட்டுப் புகை காட்டுவார்களாம். அப்படிச் செய்தால்தான் கெடாதாம்.

நான் இட்லியை அப்படியே வைத்துவிட்டு யோசித்தேன். தெரு முழுக்க நடந்தேன். எந்த வாசலிலும், எந்தத் தாழ்வாரத்திலும் ஒரு கொத்துப் பூண்டு தொங்கிப் பார்க்கவில்லை. பூண்டு வெளைகிற ஊரில் பூண்டே கண்ணில் படவில்லை என்றால் யாரோ எடுத்து ஒளிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் வெள்ளனே எழுந்து, முருகேசன் கண்ணில் படாமல் பின்பக்கமாக நழுவி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவரிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் மேனேஜருக்குப் போன் போகும் என்பது என் கணக்கு. பூண்டி பஸ்ஸில் கேரட் கட்டுகிற காலிச் சாக்குகளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. மன்னவனூருக்கு முன்னாலேயே பஸ் முனகி முனகி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி ஒரு உதை விட்டார், அதற்கும் மசியவில்லை. கண்டக்டர் நல்ல மனுசன், பின்னால் காலியாக வந்த கேரட் லாரியைக் கைகாட்டி நிறுத்தி, "ஏலே, அம்மாவைப் பூண்டியில எறக்கி விட்டுரு" என்று ஏற்றிவிட்டார். எதற்கு இவ்வளவு உதவி செய்கிறான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. லாரிக்காரரோ வழி முழுக்கத் தன் பல்வலியைப் பற்றியே பேசினார். பல்வலிக்காரனைச் சந்தேகப்பட எனக்கே மனசு வரவில்லை.

சிவகாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனது. கம்பெனிக்காரர் வரலையா என்று தெருவை எட்டிப் பார்த்தாள். நான் மட்டும்தான் என்றதும் வேறு வழியில்லாமல் உள்ளே விட்டாள். அவள் வீட்டுக்காரர் வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குப் போயிருந்தார்.

சமையல்கட்டு ஒரே புகை. கண் எரிந்து, மூக்கில் தண்ணீராகக் கொட்டியது. அடுப்பில் நல்ல கட்டையாகத் தணல் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. அடுப்பின் மேல் ஒன்றுமே இல்லை. பானை இல்லை, சட்டி இல்லை, வெந்நீர்கூட இல்லை. அதற்கு நேர் மேலே பரணை ஒரு பழைய சேலையால் சுற்றி மூடியிருந்தது.

"அடுப்புல ஒண்ணுமே இல்லையேம்மா. எதுக்கு இப்படி எரியுது?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேலையை இழுத்தாள். தாளோடு முடிந்த பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. போன வெள்ளாமையில் தேறின நல்ல பூண்டு, அடுத்த விதைப்புக்கு. எல்லாத்தையும் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கக் கம்பெனிக்காரர்கள் சொன்னார்களாம். ஊரே ஒளித்து வைத்துவிட்டது. ஆனால் விதையைப் புகையை விட்டு இறக்க ஒரு வீட்டிலும் மனசு வரவில்லை. இறக்கினால் முளை விட்டுவிடும், இல்லை சொத்தையாகிவிடும். அதனால் மேலே சேலையைச் சுற்றிவிட்டு, கீழே அடுப்பை மட்டும் அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தத் தெருவில் அன்றைக்கு ஒரு பானையும் ஏறாத அடுப்பு எத்தனை எரிந்ததோ.

எதற்கு ஒளிக்க வேண்டும் என்று கேட்டதும் சிரிப்பு நின்றுபோனது. "புதுச் சட்டம் வந்திருக்காமே. வீட்டுல புகை போட்டா அது பேக்டரியாம். வெவசாயின்னு சொன்னா எங்க தலையிலதான் வரி விழுமாம். நெலத்தக் கம்பெனிக்கு விட்டுட்டோம், நாங்க கூலின்னு கையெழுத்துப் போட்டுட்டா வரி கம்பெனியோட போயிருமாம்." நாளைக்குக் கூட்டத்தில் கையெழுத்தாம். அவளுக்கு அதில் முழுசாக நம்பிக்கை இல்லாமல்தான் இருந்திருக்கிறது. "நேத்து உங்களப் பாத்தப்பறந்தான் நிசமுன்னு பட்டுச்சு. மதுரையிலருந்து வக்கீலே வந்துட்டாங்களே, பொய்யா இருக்குமான்னு எங்க வீட்டுக்காரரும் சொன்னாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகம் தெரிந்தால் போதும் என்று போனில் சொன்னது எந்த நடிகையின் முகத்தையும் இல்லை. என் கருத்து யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. என் கறுப்பு கவுனுக்குப் பின்னால் இருக்கிற மரியாதையைத் தெருத் தெருவாக ஊர்வலம் விட்டிருக்கிறார்கள், நானும் கும்பிட்டுக்கொண்டே போயிருக்கிறேன். பழக்கூடையையும் டிரைவரையும் சந்தேகப்பட்டதற்கு இந்த ஜெயசீலனை ஒழுங்காகச் சந்தேகப்பட்டிருக்கலாம்.

அந்தக் கையெழுத்து விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடங்கலில், அதாவது யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று கிராமக் கணக்கில் எழுதுகிற இடத்தில், கம்பெனி பேர் ஏறும். பயிர்க்கடன் கேட்டுப் போனால் நீ விவசாயியே இல்லையே என்பார்கள். மழையில் பயிர் அழுகினால் நிவாரணம் கம்பெனிக்குப் போகும். தன் சொந்த மண்ணில் நின்றுகொண்டு அவள் கூலிக்காரி ஆகிவிடுவாள்.

சிவகாமி ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க எங்க வக்கீலுதான?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான் பிடிக்கவில்லை. ஆனால் என்னைக் கூப்பிட்டவர் யாரோ அவரிடம் முதலில் பேசாமல் அடுத்தவரிடம் பேசுவது எங்கள் தொழிலில் கூடாது. அவர் எவ்வளவு பெரிய எத்தனாக இருந்தாலும் கூடாது.

சாயங்காலம் தங்குமிடத்துக்கு வந்து ஜெயசீலனைப் பார்க்க வேண்டும் என்றேன். தோட்டத்தில் நாற்காலி போட்டிருந்தார். நான் உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்துச் சிரித்தார். "பூண்டிக்குத் தனியா போயிட்டு வந்திருக்கீங்க போல." முருகேசன் சொல்லிவிட்டானா என்று திரும்பினேன். அவர் தூரத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார், பாவம், நான் எங்கே போனேன் என்றே தெரியாமல் காலையிலிருந்து தேடியிருக்கிறார். வழியில் போனில் பேசினதும் அவர் சம்சாரத்தோடு, சிலிண்டர் வரவில்லை என்ற சண்டையாம். என்னைக் காட்டிக் கொடுத்தது என் சேலை. புகைப்பூண்டு வாடை அடுப்படியிலிருந்து கூடவே வந்திருக்கிறது.

நான் சுற்றி வளைக்கவில்லை. மழையில் பூண்டு அழுகினால் நஷ்டம் யாருக்கு என்று கேட்டேன். அவங்களுக்குத்தான் மேடம், வேற யாருக்கு என்றார். அப்படியானால் விவசாயி அவர்கள்தான், கம்பெனி இல்லை, ஒரு காகிதத்தில் கூலி என்று எழுதிவிட்டால் சட்டம் ஏமாந்து போகாது, புது சட்டமும் ஏமாறாது, நாளைக்கு அதிகாரி வந்து கேட்டால் உங்களுக்கே ஆபத்து, என் கருத்து இதுதான் என்றேன். அந்த ஜனங்களிடம் வரி வரும் என்று சொல்லி வைத்திருப்பது பொய், அதை நாளைக்கு நீங்களே திருத்திச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "கருத்தை அப்புறம் பாத்துக்கலாம் மேடம். நாளைக்கு நீங்க எதுவும் பேச வேணாம். சும்மா வந்து உட்காருங்க. இனிமே எங்க கம்பெனி வரி வேலை மொத்தமும் உங்ககிட்டதான்."

ஆசை இல்லை என்று சொன்னால் பொய். இப்போதெல்லாம் ஆபீஸ் போய் அதிகாரியைப் பார்த்துப் பேசுகிற காலம் போய்விட்டது. நோட்டீஸும் கம்ப்யூட்டரில், பதிலும் கம்ப்யூட்டரில். பெரிய கட்சிக்காரர்களெல்லாம் பெரிய ஆடிட்டர் கம்பெனிகளிடம் போய்விட்டார்கள். ஒரு கம்பெனி வேலை மொத்தமாக வந்தால் என் ஆபீஸ் நிமிர்ந்துவிடும். ஏரியில் படகுக்காரர்கள் படகைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"உங்க வேலையை இப்பவே விட்டுட்டேன் சார்," என்றேன். "வேற ஆள் பாத்துக்குங்க. ஆனா என் முகத்தை அந்த ஊருக்குள்ள விட்டுட்டு வந்திருக்கேன். அதை எடுத்துட்டுத்தான் மதுரைக்குப் போவேன்."

அப்போதும் அந்த மரியாதைச் சிரிப்புப் போகவில்லை. அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜுக்கு மாறினேன். சீசன் நேரம், ஒரு குச்சு அறைக்கு அநியாய வாடகை கேட்டார்கள். இங்கே சால்வை கிடையாது, கையிலிருந்த சேலையையெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்தேன். எல்லாம் பூண்டு வாசம்.

மறுநாள் பஸ் என்னமோ ஒழுங்காகப் போனது. சமுதாயக் கூடத்தில் ஊர் திரண்டிருந்தது. மேடையில் எனக்கென்று நடு நாற்காலி போட்டு, ஒரு பூங்கொத்தும் வைத்திருந்தார்கள். பேசாமல் உட்கார்ந்து விடுவேன் என்று ஜெயசீலன் கடைசி வரைக்கும் நம்பினார் போலிருக்கிறது. வக்கீலம்மாவே நம்ம பக்கம் வந்திருக்காங்க என்று அவர் ஆரம்பித்ததும் நான் மேடையில் ஏறாமல் கீழேயே, ஜனங்களோடு நின்றபடி, கொஞ்சம் பேசணும் என்றேன்.

"நான் உங்க வக்கீல் இல்ல. கம்பெனி கூப்பிட்டு வந்த வக்கீல். அந்த வேலையையும் நேத்தே விட்டாச்சு. கம்பெனி என்கிட்ட சொன்ன விஷயம் எதையும் நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனா சட்டம் யாரோட ரகசியமும் இல்ல. உங்க நெலத்துல நீங்க வெளைய வச்சு, சந்தைக்குப் போறதுக்கு வழக்கமா செய்யுற மாதிரி உங்க அடுப்புல புகை போட்டு வித்தா, அது விவசாயந்தான். அதுக்குப் பழைய சட்டத்துலயும் வருமான வரி இல்ல, புதுச் சட்டத்துலயும் இல்ல. எதுல கையெழுத்துப் போடுறதுனாலும் உங்களுக்குன்னு ஒரு வக்கீலைப் பாத்துட்டுப் போடுங்க."

கைதட்டுவார்கள் என்று நினைத்தீர்களா? முன்வரிசையில் துண்டு போட்டிருந்த ஒருத்தர் எழுந்து, நீங்களே கம்பெனி ஆளுன்னு சொல்லுறீங்க, அப்புறம் நீங்க சொல்லுறத மட்டும் நாங்க எப்படி நம்புறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம்பாதீங்க, அதனாலதான் வேற வக்கீலைக் கேளுங்கன்னு சொல்லுறேன் என்றேன். ஜெயசீலன் மேடையிலிருந்து மைக்கைப் பிடித்து நிறையப் பேசினார். வக்கீலம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது சிவகாமி வெரசாக ஓடி வந்தாள். யாரும் கையெழுத்துப் போடவில்லையாம். நாலு பேர் யோசிக்கணும் என்றதும் மற்றவர்களும் யோசிக்கணும் என்றுவிட்டார்களாம். கையில் ஒரு கொத்துப் பூண்டு. வாங்கிக்கொள்ள என் கை போகவில்லை. எதற்குக் கொடுக்கிறாள் என்று ஒரு நிமிஷம் நின்றேன், பாருங்கள், இந்தப் புத்தியை என்ன சொல்ல. அப்புறம் இவள் என் கட்சிக்காரர் இல்லையே என்று நினைவு வந்து வாங்கிக்கொண்டேன்.

அவள் வந்த காரியம் வேறு. "நாங்க கூப்பிட்டா, எங்களுக்கு வக்கீலா வருவீங்களா?"

முடியாதும்மா என்றேன். கம்பெனியின் கதையைக் கேட்ட காதோடு அவர்களுக்கு எதிராக நான் வந்து நிற்க முடியாது. நல்லவர்களாக இருந்தாலும் கெட்டவர்களாக இருந்தாலும் முடியாது. அவளுக்கு இது விளங்கவில்லை, கோபம்தான் வந்தது. கோடைக்கானல் கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, அங்கே போய்ச் சொன்னால் உங்களுக்கென்று ஒரு வக்கீல் தருவார்கள், நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று வழி சொன்னேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நாங்க குடுக்கலேன்னா, அந்த வக்கீலுக்குச் சம்பளம் யாரு குடுப்பா?"

"அரசாங்கம்."

"புதுச் சட்டம் போட்டது யாரு?"

"அதுவும் அரசாங்கந்தான்."

"அப்ப அந்த வக்கீலு யாரு பக்கம் பேசுவாரு?"

பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, இதையே அவரிடமும் கேளுங்க, சரியாகப் பதில் சொல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்க என்று கத்தினேன். கேட்டுக்கொண்டாளா தெரியவில்லை. இடுப்பில் கை வைத்தபடி, என்னை நம்பாமலே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து சீட்டுக்காரர் பூண்டு வாடை தாங்காமல் எழுந்து முன்னால் போய்விட்டார். இனி அந்த ஊருக்கு எந்த வக்கீல் போய் இறங்கினாலும் அவளுடைய கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார முடியும். மலை இறங்கி வத்தலக்குண்டு வெயில் முகத்தில் அறைகிற வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.